பெட்ரோல், கேஸ் மினி லாரிக்கு எந்த ஸ்பார்க் பிளக்? மைலேஜும் இழுவையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்தில் என் பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் மலை ஏறி இறங்குபவை. போகும்போது அரிசி, சிமெண்ட், மளிகை. வரும்போது கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. முன்பெல்லாம் இந்த வேலைக்கு டீசல் வண்டிதான். 2020-இல் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு சிறிய சரக்கு வண்டிகளில் பெட்ரோலும் சி.என்.ஜி.யும் பெருகிவிட்டன. டீசலிலேயே பழகிய ஓட்டுநர்களுக்கு, எரிபொருளைத் தீப்பொறியால் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக் புதுச் சமாச்சாரம். "மைலேஜ் தர்ற பிளக் ஒண்ணு இருக்காமே, அதையே போட்டுடுங்க" என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லும் பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன்.

என் வண்டியில் ஸ்பார்க் பிளக் இருக்குதுங்களா?

டீசல் வண்டி என்றால் இல்லை. 2005-இல் வந்த முதல் டாடா ஏஸ், நம் ஊரில் குட்டி யானை என்கிறோமே, அது இரண்டு சிலிண்டர் டீசல். அதில் ஸ்பார்க் பிளக்குக்கு வேலையே கிடையாது. டீசல் இன்ஜின் காற்றை அழுத்திச் சூடாக்குகிறது, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. பல டீசல் இன்ஜின்களில் குளோ பிளக் என்று ஒன்று இருக்கும். அது குளிரில் ஸ்டார்ட் செய்ய உதவும் ஹீட்டர். தீப்பொறிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெட்ரோல் வண்டியில் சிலிண்டருக்கு ஒன்று இருக்கும். ஏஸ் கோல்டு பெட்ரோலில் இரண்டு சிலிண்டர், எனவே இரண்டு பிளக். இன்ட்ரா வி20-இல் மூன்று. மாருதி சூப்பர் கேரி 1.2 லிட்டரில் நான்கு. சி.என்.ஜி. இன்ஜின் எவ்வளவு பெரிய லாரியில் இருந்தாலும் அதிலும் ஸ்பார்க் பிளக் உண்டு. சி.என்.ஜி.யில் பெரும்பகுதி மீத்தேன். அது தானாகப் பற்ற 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். டீசலைப் போல வெறும் அழுத்தத்தில் அதைப் பற்றவைத்துவிட முடியாது.

இரிடியம் பிளக் போட்டா மைலேஜ் எவ்வளவு ஏறும்?

இப்போது வண்டியில் இருக்கும் பிளக் நல்ல நிலையில் இருந்தால், கையில் எடுத்துக் காட்டும் அளவுக்கு ஏறாது. இருப்பது தேய்ந்த பிளக் என்றால் ஏறும். ஆனால் அதே ஏற்றம், கம்பெனி சொன்ன சாதாரண நிக்கல் பிளக்கைப் புதிதாகப் போட்டாலும் கிடைத்திருக்கும்.

அடுப்பு எரிவது விறகால். தீக்குச்சியின் வேலை பற்றவைப்பதோடு முடிகிறது. விலை கூடிய தீக்குச்சி என்பதற்காகச் சோறு சீக்கிரம் வேகாது. ஆனால் நமத்துப்போன தீக்குச்சியால் மூன்று முறை உரசி ஒரு முறைதான் பற்றுகிறது என்றால், வீட்டில் சமையலே நடக்காது. பிளக் விஷயமும் இப்படித்தான். கலவை ஒழுங்காகப் பற்றிவிட்டால் அதன் பிறகு பிஸ்டனைத் தள்ளுவது பெட்ரோலின் சக்தி. பற்றாமல் தவறும்போதுதான் நஷ்டம். உள்ளே போன பெட்ரோல் எரியாமல் சைலன்சர் வழியாக வெளியே போகிறது. இழுவை குறைந்ததால் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை இன்னும் மிதிக்கிறார். அதில் இன்னும் கொஞ்சம் பெட்ரோல் போகிறது.

எனவே பிளக்கால் மைலேஜைக் கூட்ட முடியாது, இழந்த மைலேஜைத் திருப்பித் தர முடியும். இரிடியம் செய்வது என்னவென்றால், அந்த இழப்பு தொடங்குவதையே நெடுநாள் தள்ளிப்போடுகிறது. நான் இரிடியத்தைச் சிபாரிசு செய்யும்போது இந்தக் காரணத்தைத்தான் சொல்கிறேன்.

நிக்கல், காப்பர், பிளாட்டினம், இரிடியம். என்ன வித்தியாசம்?

முதலில் "காப்பர் பிளக்" என்ற பேச்சைச் சரிசெய்துகொள்வோம். செம்பு இருப்பது நடு மின்முனையின் உள்ளே, சூட்டைக் கடத்துவதற்காக. பிளாட்டினம், இரிடியம் பிளக் பலவற்றிலும் அதே செம்புதான் உள்ளே இருக்கிறது. காப்பர் என்று விற்கும் பிளக்கில் பொறி பறக்கும் நுனி நிக்கல் கலவையால் ஆனது. அதனால் கடைக்காரர் காப்பர் என்று கொடுப்பதும் நிக்கல் என்று கொடுப்பதும் ஒன்றே.

பிளக்கின் ஆயுளைத் தீர்மானிப்பது நுனியில் உள்ள உலோகம். நிக்கல் 1455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1768, இரிடியம் 2446. உருகுநிலை உயர்ந்ததும் கடினமானதும் என்பதால் இரிடியத்தை மெல்லிய கம்பியாகச் செய்தாலும் பொறியின் அரிப்பைத் தாங்கும். நிக்கல் நுனி சுமார் 2.5 மி.மீ. பருமன். இரிடியம் நுனியைப் பிளக் தயாரிப்பாளர்களான என்.ஜி.கே. 0.6 மி.மீ. வரையும், டென்சோ 0.4 மி.மீ. வரையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

மெல்லிய நுனியால் இரண்டு லாபம். மின்பொறி கூர்மையான இடத்திலிருந்து எளிதில் பாயும். மழுங்கிய இடத்திலிருந்து பாய அதிக வோல்டேஜ் கேட்கும். மெல்லிய நுனிக்கு, அந்த வோல்டேஜைத் தரும் சுருளான காயில் (coil) கொஞ்சம் குறைவாக உழைத்தால் போதும். இரண்டாவது, பற்றிய சிறு தீக்கோளம் தொடும் உலோகம் குறைவு, அதனால் தொடக்கத்திலேயே சூடு இழந்து அணைவதும் குறைவு. இரிடியம் மாற்றிய பிறகு "ஐடிலிங் மெத்துனு இருக்கு, பிக்கப் நல்லாருக்கு" என்று ஓட்டுநர்கள் சொல்வது பொய்யில்லை. அதில் பெரும்பங்கு, பழைய தேய்ந்த பிளக் போய்ப் புதியது வந்ததன் பயன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆயுள் கணக்கு: நிக்கல் ஏறக்குறைய 30 முதல் 40 ஆயிரம் கிலோமீட்டர். நீண்ட ஆயுளுக்காகச் செய்த பிளாட்டினம், இரிடியம் பிளக்குகள் ஒரு லட்சம் வரை. ஒன்றைக் கவனியுங்கள். இரிடியம் என்று பெட்டியில் எழுதியிருந்தாலே எல்லாம் ஒரு லட்சம் ஓடாது. நடு நுனியில் மட்டும் இரிடியம் வைத்து, எதிர்ப்பக்கத்து வளைந்த முனையைச் சாதா நிக்கலாகவே விட்ட வகைகள் இருக்கின்றன. அவற்றில் எதிர்முனை முதலில் தேய்ந்துவிடும். இரண்டு பக்கமும் விலையுயர்ந்த உலோகப் பொட்டு வைத்ததுதான் நெடுந்தூரம் போகும்.

காசு கணக்குப் பார்த்தா எது லாபம்?

வருடத்துக்கு 30,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 2,000 லிட்டர், அதாவது 2 லட்சம் ரூபாய். இதில் ஒரு சதவீதம் மைலேஜ் குறைந்தாலே 2,000 ரூபாய் போகிறது.

நான்கு சிலிண்டர் வண்டிக்கு நிக்கல் ஒன்று 150 ரூபாய் என்றால் ஒரு செட் 600. மூன்று வருடத்தில் மூன்று செட், 1,800. மாற்றும் கூலி மூன்று தடவை. இரிடியம் ஒன்று 700 என்றால் ஒரு செட் 2,800, கூலி ஒரு தடவை. உங்கள் கடை விலையைப் போட்டு இதையே திருப்பிப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வராது.

அதனால் நான் ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். கணக்கு நோட்டு வைத்து, கிலோமீட்டர் பார்த்து, முப்பதாயிரத்துக்கு ஒரு முறை தவறாமல் பட்டறைக்கு வருபவருக்கு நிக்கலே போதும். "ஓடற வரைக்கும் ஓடட்டும்" என்று விட்டுவிடுபவருக்கு இரிடியம். தேய்ந்த நிக்கலோடு கூடுதலாக இருபதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால், பெட்ரோலில் கைவிட்டுப் போகும் பணம் இரிடியத்தின் விலையைத் தாண்டிவிடும். வண்டியோடு கம்பெனி கொடுத்ததே இரிடியம் என்றால், அதை இறக்கி நிக்கல் போடாதீர்கள். அடுத்த மாற்றும் தேதியை அந்தக் கணக்கில்தான் கையேட்டில் போட்டிருப்பார்கள்.

சமதளத்துல நல்லா ஓடுதுங்க. லோடு ஏத்தி கல்லாறு தாண்டி ஏத்தம் ஏறுனா மட்டும் மிஸ் அடிக்குது. ஏன்?

எங்கள் ஊரில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். பிளக்கை நான் முதலில் சந்தேகப்படுவதும் இந்த இடத்தில்தான்.

சமதளத்தில் வெறும் வண்டி போகும்போது நீங்கள் ஆக்சிலரேட்டரை லேசாகத்தான் மிதிக்கிறீர்கள். சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, பொறி அடிக்கும் நேரத்தில் உள்ளே அழுத்தமும் குறைவு. பர்லியாறு பக்கம் முழு லோடோடு இரண்டாவது கியரில் மிதித்து ஏறும்போது சிலிண்டர் நிறையக் காற்று வாங்குகிறது, அழுத்தம் பல மடங்காகிறது. அழுத்தமான காற்றைக் கிழித்துக்கொண்டு பொறி பாய்வது கடினம், அதிக வோல்டேஜ் வேண்டும். பிளக் தேய்ந்து, நடுமுனைக்கும் வளைந்த முனைக்கும் நடுவில் உள்ள இடைவெளி அகன்றிருந்தால் இன்னும் அதிகம் வேண்டும். காயிலால் கொடுக்க முடிந்த அளவை இது தாண்டிவிட்டால் பொறி இடைவெளியில் பாயாது. அல்லது பிளக் மேல் மாட்டும் ரப்பர் பூட் வழியாகவோ பீங்கானின் வெளிப்புறமாகவோ பாடிக்குத் தாவிவிடும். வண்டி ஜெர்க் அடிக்கும். மேலே சமதளம் வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

ஆகவே பட்டறையில் நிறுத்தி ஐடிலிங்கில் காது கொடுத்துக் கேட்டுவிட்டு "பிளக் நல்லாருக்கு" என்று ஒருவர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டாம். கழற்றி இடைவெளியை அளந்து பார்க்க வேண்டும்.

காயிலா பிளக்கா என்று பிரித்துச் சொல்ல ஒரு எளிய வழி. ஸ்கேனர் போட்டால் பி0301, பி0302 என்று கோளாறுக் குறியீடு வரும். கடைசி எண் எந்தச் சிலிண்டர் தவறுகிறது என்பதைக் காட்டும். முதல் சிலிண்டர் என்றால் அதன் காயிலை இரண்டாவதுக்கு மாற்றிப் போட்டு அதே ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். குறியீடு பி0302 ஆக மாறினால் காயில் கெட்டது. அப்படியே பி0301 என்று நின்றால் காயில் குற்றவாளி இல்லை. பிளக்கை மாற்றிப் போட்டு மறுபடி பாருங்கள். சிலிண்டருக்குத் தனித்தனிக் காயில் உள்ள வண்டிக்குத்தான் இந்த முறை.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் லோடோடு தொடர்ந்து ஏறாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சரில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். பிளக் நூறுகளில் முடியும், அது பல ஆயிரங்களில் நிற்கும்.

ஊட்டி போய்ச் சேர்ந்ததும் இழுவை சுத்தமா குறையுது. இதுவும் பிளக்தானா?

இல்லை, இது காற்று. ஊட்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குதான். டர்போ இல்லாத இன்ஜினுக்குக் கிடைக்கும் காற்று அந்த அளவுக்குக் குறைகிறது, சக்தியும் அதோடு குறைகிறது. காற்று குறைந்ததை சென்சார் பார்த்துப் பெட்ரோலையும் குறைத்துவிடும், அதனால் கெடுதல் ஒன்றும் இல்லை. பொறியைப் பொறுத்தவரை மெல்லிய காற்றில் பாய்வது எளிது. எந்த பிளக் போட்டாலும் அந்தக் கால் பங்கு திரும்ப வராது. லோடைக் குறைப்பதும் கியரைச் சரியாகப் போடுவதும்தான் வழி.

ஹாட் பிளக், கோல்ட் பிளக் என்கிறார்களே, மலைக்கு எது?

கையேட்டில் சொன்னதுதான். இருந்தாலும் விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பொறியின் சூட்டைக் குறிக்கும் பெயரல்ல இது. பிளக் தன் நுனியில் வாங்கும் சூட்டை எவ்வளவு வேகமாக, தான் திருகப்பட்டிருக்கும் இன்ஜின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கடத்துகிறது என்பதுதான் ஹீட் ரேஞ்ச். நுனிப் பீங்கான் நீளமாக இருந்தால் சூடு போகும் வழி நீளம், நுனி சூடாகவே இருக்கும், அது ஹாட். குட்டையாக இருந்தால் கோல்ட். நுனி சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் படியும் கரி தானாக எரிந்து சுத்தமாகும். 800 டிகிரியைத் தாண்டிப் போனால் பொறி அடிக்கும் முன்பே கலவை பற்றிக்கொள்ளும் ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவில் நுனியை வைத்திருப்பதுதான் சரியான ரேஞ்ச்.

நிறைய லோடு அடிக்கிறோம் என்று ஒருவர் தானாகவே இரண்டு படி கோல்ட் பிளக் வாங்கிப் போட்டார். லோடு நாட்களில் சரி. சந்தை லீவு நாட்களில் ஊருக்குள்ளேயே ஸ்டார்ட் செய்து நிறுத்தி, ஸ்டார்ட் செய்து நிறுத்தி ஓட்டியதில் நுனி சூடேறாமல் கரி அப்பி, ஒரு வாரத்தில் காலையில் ஸ்டார்ட் ஆகவே மறுத்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. என்.ஜி.கே., டென்சோவில் எண் கூடினால் கோல்ட். பாஷ், சாம்பியனில் எண் கூடினால் ஹாட். ஒரு பிராண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் நேர் எதிராகப் போய் நிற்பீர்கள். என்.ஜி.கே.வில் 5 என்பது டென்சோவில் 16, 6 என்பது 20, 7 என்பது 22. மாற்று அட்டவணை கடையில் இருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பிளக் மேல இருக்கிற எழுத்தும் நம்பரும் எதுக்கு?

எடுத்துக்காட்டாக என்.ஜி.கே.யின் பழைய, பரவலான ஒரு குறியீடு: பிபிஆர்6இஎஸ்-11 (BPR6ES-11). முதல் "பி" (B) மரையின் விட்டம் 14 மி.மீ. என்கிறது. அடுத்த "பி" (P) பீங்கான் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வகை. "ஆர்" உள்ளே ரெசிஸ்டர் உண்டு. 6 ஹீட் ரேஞ்ச். "இ" மரைப் பகுதியின் நீளம் 19 மி.மீ. "எஸ்" சாதாரண நடுமுனை. 11 என்றால் இடைவெளி 1.1 மி.மீ.

இதில் தவறவே கூடாதது மரை நீளம். நீளம் கூடினால் நுனி உள்ளே நீட்டி பிஸ்டனையோ வால்வையோ தொடலாம். குறைந்தால் ஹெட்டின் கடைசி மரைகளில் கரி படிந்து, பின்னால் சரியான பிளக் போடும்போது மரை போய்விடும். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கையும் இப்போதைய வண்டியில் போடாதீர்கள். பொறி எழுப்பும் மின் இரைச்சல் ரேடியோவை மட்டுமல்ல, இன்ஜின் கம்ப்யூட்டரையும் குழப்பும்.

கேஸ் வண்டிக்குத் தனி பிளக் வேணுமா?

கம்பெனியிலிருந்தே சி.என்.ஜி.யாக வந்த வண்டிக்குக் கையேட்டில் உள்ளதை அப்படியே போடுங்கள். பெட்ரோல் மாடலுக்குச் சொன்னதிலிருந்து அது வேறாக இருக்கலாம், பாகம் எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

பெட்ரோல் வண்டியாக வாங்கி வெளியே கேஸ் கிட் வைத்த வண்டியில்தான் கவனம் அதிகம் தேவை. கேஸ் கலவையைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். பெட்ரோல் உள்ளே ஆவியாகும்போது கொஞ்சம் குளிர்ச்சி தரும், கேஸில் அது இல்லை. இதனால் முனை சீக்கிரம் தேயும். பெட்ரோலில் ஓட்டினால் ஒன்றும் தெரியாது, கேஸுக்கு மாற்றினால் மிஸ் அடிக்கும் என்று வருகிற வண்டிகளில் பெரும்பாலும் பிளக் தேய்ந்துதான் இருக்கிறது. பெட்ரோல் மன்னித்துவிடும் தேய்மானத்தை கேஸ் மன்னிக்காது. கிட் வைத்த வண்டியில் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து வைப்பது வழக்கம். எவ்வளவு என்பதைக் கிட் தயாரிப்பாளரின் தாளைப் பார்த்து வையுங்கள். சரிபார்க்கும் தூரத்தையும் பெட்ரோலுக்குச் சொன்னதைவிடக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரிடியத்துக்குப் பணம் போடுவது எங்கே நியாயம் என்று கேட்டால், நான் முதலில் கேஸ் வண்டியைத்தான் காட்டுவேன்.

கேஸில் ஓடும்போது சக்தி கொஞ்சம் குறைவது இயல்பு. சிலிண்டருக்குள் காற்று இருக்க வேண்டிய இடத்தில் கொஞ்சத்தை கேஸே பிடித்துக்கொள்கிறது. அந்தக் குறைவுக்கும் பிளக்குக்கும் தொடர்பில்லை.

ரெண்டு முனை, நாலு முனை பிளக் போட்டா நாலு பொறி வருமா?

வராது. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பொறிதான், எந்த முனைக்குப் போவது எளிதோ அங்கே பாயும். அது தேய்ந்ததும் அடுத்ததுக்கு மாறும். தேய்மானம் பல முனைகளில் பகிரப்படுவதால் ஆயுள் கூடும், அவ்வளவே.

முனையின் வடிவத்தை மாற்றி மைலேஜ் தருகிறோம் என்ற விளம்பரம் புதிதல்ல. அமெரிக்காவில் ஸ்ப்ளிட்ஃபயர் என்ற பிளக் எதிர்முனையை "வி" வடிவில் பிளந்து விற்பனைக்கு வந்தது. எரிபொருள் மிச்சம், கூடுதல் சக்தி என்றெல்லாம் விளம்பரம் செய்தார்கள். அந்த வாக்குகளுக்குப் போதிய சோதனை ஆதாரம் இல்லை என்று அந்நாட்டின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1990-களில் நடவடிக்கை எடுத்தது. ஆதாரம் இல்லாமல் அப்படிச் சொல்வதில்லை என்று நிறுவனம் உடன்பட்டு வழக்கு தீர்ந்தது. இன்றும் சந்தைக்கு வரும் "20 சதவீத மைலேஜ்" பெட்டிகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது.

பெட்ரோல்ல எத்தனால் கலந்ததுல இருந்து மைலேஜ் குறைஞ்சிருச்சு. பிளக் மாத்தினா சரியாகுமா?

எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால், கலப்பில்லாத பெட்ரோலோடு ஒப்பிட 6 முதல் 7 சதவீதம் சக்தி குறைவு. இதற்கு முன் இருந்தது 10 சதவீதக் கலவை, எனவே அதிலிருந்து இ20-க்கு வந்ததில் உண்மையான சரிவு சுமார் மூன்றரை சதவீதம். லிட்டருக்கு 15 ஓடிய வண்டியில் அரை கிலோமீட்டர். இதை பிளக்கால் ஈடுகட்ட முடியாது. ஆனால் இரண்டு, மூன்று கிலோமீட்டர் குறைந்துவிட்டது என்றால் பழியை எத்தனால் மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், வண்டியில் வேறு கோளாறு இருக்கிறது.

கழட்டின பிளக்கைப் பார்த்து என்ன தெரிஞ்சுக்கலாம்?

வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல. கழற்றும்போதே எந்தச் சிலிண்டருடையது என்று வரிசையாக வையுங்கள், கலந்துவிட்டால் பாதிச் செய்தி போய்விடும்.

பீங்கான் நுனி இளம்பழுப்பாகவோ சாம்பல் கலந்த பழுப்பாகவோ இருந்தால் நலம். கேஸ் வண்டியில் இதைவிட வெளிறி இருப்பது சாதாரணம். காய்ந்த கரிய மாவு போல அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது பிளக் தேவைக்கு மேல் கோல்ட். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் ஆயில் உள்ளே வருகிறது. ரிங், வால்வு சீல் பக்கம் பார்க்க வேண்டும். வெள்ளையாக வெளுத்து, சிறு சிறு கொப்புளங்களோடு இருந்தால் அளவு மீறிச் சூடாகியிருக்கிறது. கூலண்ட், கலவை, ஹீட் ரேஞ்ச் மூன்றையும் பாருங்கள். இந்த வெள்ளையை அலட்சியப்படுத்தினால் பிஸ்டனில் ஓட்டை விழும்.

நான்கில் ஒன்று மட்டும் வேறு நிறத்தில் இருந்தால் அந்தச் சிலிண்டரில் மட்டும் கோளாறு: இன்ஜெக்டரோ காயிலோ கம்ப்ரஷனோ. நான்கும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றைத் தேடுங்கள்.

பிளக்கின் வெளிப்பக்கம், அதாவது காயில் உட்காரும் குழியில், ஆயில் நின்றால் இன்ஜின் ஆயில் குடிக்கிறது என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மேல்மூடியில் உள்ள ரப்பர் சீல் இறுகிப்போயிருக்கும். சின்னச் செலவு. ஆனால் விட்டுவிட்டால் காயிலின் பூட் ஊறிக் கெட்டுவிடும்.

சுத்தம் பண்ணித் திரும்பப் போடலாமா? கேப் (இடைவெளி) வைக்கலாமா?

நிக்கலை இடையில் ஒரு முறை சுத்தம் செய்து ஃபீலர் கேஜ் வைத்து இடைவெளியைச் சரிசெய்யலாம். வளைந்த முனையை மட்டும் தட்ட வேண்டும், நடுமுனையில் நெம்பக் கூடாது. மழுங்கிய ஓரங்கள் சுத்தம் செய்வதால் கூராகிவிடாது, எனவே ஆயுள் முடிந்ததைத் தேய்த்துப் போடுவதில் பயன் இல்லை.

இரிடியத்தைக் கம்பி பிரஷ்ஷால் தொடாதீர்கள். உப்புத்தாளும் வேண்டாம். அந்த 0.6 மி.மீ. நுனி உறுதியானதுதான், ஆனால் பக்கவாட்டில் இடித்தால் ஒடிந்துவிடும். சரியான பாக எண் வாங்கினால் இடைவெளி கம்பெனியிலேயே வைத்து வருகிறது. கண்ணால் பார்த்து, சந்தேகம் இருந்தால் மெதுவாக அளந்து, அப்படியே போடுங்கள். கீழே விழுந்த பிளக் எதுவானாலும் போட வேண்டாம். பீங்கானின் விரிசல் கண்ணுக்குத் தெரியாது, ஏற்றத்தில்தான் தெரியும்.

நானே மாத்திக்கலாமா?

இன்ஜின் ஆறிய பிறகு செய்வதானால் மாற்றலாம். ஹெட் அலுமினியம், சூட்டில் கழற்றினால் மரை உரிந்துகொண்டு வரும். குழியில் உள்ள மண்ணை முதலில் காற்றடித்து எடுங்கள். இல்லையென்றால் பிளக் வந்த ஓட்டை வழியாக அது நேரே சிலிண்டருக்குள் போகும். கழற்றும்போது பிடிவாதமாக நின்றால் பலம் காட்டாதீர்கள், கொஞ்சம் உள்ளே திருப்பி, கொஞ்சம் வெளியே திருப்பி, எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் 5.4 லிட்டர், மூன்று வால்வு இன்ஜினில், 2004 முதல் 2008 வரை வந்த வண்டிகளில், பிளக்கின் நீண்ட கீழ்ப்பகுதி கரி பிடித்து இறுகி, கழற்றும்போது இரண்டாக உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடுவது பெரிய தலைவலியாக இருந்தது. உடைந்த துண்டை எடுக்கவே தனிக் கருவிகள் விற்பனைக்கு வந்தன.

புதியதைப் போடும்போது முதலில் கையாலேயே முழுவதும் திருகுங்கள். ஸ்பேனரால் தொடங்கினால் மரை மாறி ஏறிவிடும். 14 மி.மீ. மரை, அலுமினிய ஹெட், வாஷர் உள்ள புதுப் பிளக் என்றால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு. 12 மி.மீ. மரை என்றால் 15 முதல் 20 தான். முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரென்ச் இல்லையென்றால், கையால் முட்டிய பிறகு 14 மி.மீ. புதுப் பிளக்கை அரைச் சுற்று. ஏற்கெனவே போட்டுக் கழற்றியதை வாஷர் அமுங்கிவிட்டதால் லேசாக ஒரு இழுப்பு மட்டும். தளர்வாக விட்டால் சூடு ஹெட்டுக்குப் போகாமல் பிளக் எரியும். அதிகம் முறுக்கினால் மரை போகும். மரையில் கிரீஸ், இறுகாமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பூசுவது பழைய பழக்கம். பூச்சு உள்ள இன்றைய பிளக்குகளுக்கு அது வேண்டாம் என்பதே என்.ஜி.கே.யின் அறிவுரை. வழுக்கலில் அளவுக்கு மேல் முறுக்கிவிடுவோம்.

நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள்.

டூப்ளிகேட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விலை பாதியாக இருந்தாலே சந்தேகப்படுங்கள். பழைய ஒரிஜினலைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிடுங்கள். பீங்கானில் அச்சு மங்கலாக, விரலால் தேய்த்தால் அழிவதாக இருக்கும். வளைந்த முனை நடுமுனைக்கு நேராக இல்லாமல் ஒரு பக்கம் விலகியிருக்கும். நான்கு பிளக்கிலும் இடைவெளி நான்கு விதமாக இருக்கும். வாஷர் சுலபமாகக் கழன்று விழும். இரிடியம் என்று எழுதி, நுனி மட்டும் தடிமனாக இருந்தால் பேச்சே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். ஒரிஜினல் நிக்கல், போலி இரிடியத்தைவிட நூறு மடங்கு மேல்.

மைலேஜ் ஏறுச்சா இல்லையான்னு எப்படி நிச்சயமா பார்க்கிறது?

டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடும் டேங்க் டு டேங்க் ஒன்றே வழி. ஒரே பங்க், முடிந்தால் ஒரே பம்ப், பம்ப் தானாக நிற்கும் முதல் கட் ஆஃப் வரை மட்டும். அதே ரூட், ஏறக்குறைய அதே லோடு. ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதீர்கள். 20 லிட்டர் நிரப்பும்போது கட் ஆஃப் அரை லிட்டர் முன்னே பின்னே ஆனாலே இரண்டரை சதவீதம் தவறு. மாற்றுவதற்கு முன் மூன்று டேங்க், மாற்றிய பின் மூன்று டேங்க் எழுதிப் பாருங்கள். மலைக்குப் போகும் வண்டியில் ஏறிய கணக்கையும் இறங்கிய கணக்கையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது, போய்த் திரும்பியதை ஒன்றாக எடுங்கள்.

பிளக் மாத்தியாச்சு, மைலேஜ் திரும்பி வரலை. அடுத்து என்ன?

முதலில் டயர் காற்று, குளிர்ந்த டயரில் அளந்து. அடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்தின் டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள்; தொடாதீர்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. மலை இறங்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது, எந்த பிளக்கும் தர முடியாத அளவு மைலேஜை இது தின்னும். பிறகு ஏர் ஃபில்டர். பிறகு கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்: அது திறந்தபடியே நின்றுவிட்டால் இன்ஜின் சூடேறாது, கம்ப்யூட்டர் கூடுதல் பெட்ரோல் விட்டுக்கொண்டே இருக்கும். காலையில் கிளம்பிப் பத்து கிலோமீட்டர் போயும் டெம்பரேச்சர் முள் ஏறவில்லை என்றால் இதைச் சந்தேகப்படலாம். அதன் பிறகு ஆக்சிஜன் சென்சார், இன்ஜெக்டர். கிளட்ச் வழுக்குகிறதா என்பதையும் பாருங்கள்: ஏற்றத்தில் இன்ஜின் சத்தம் ஏறி, வண்டி வேகம் ஏறவில்லை என்றால் பெட்ரோல் கிளட்ச் தட்டில் கரிகிறது.

இத்தனையும் சரியாக இருந்தால், ரேக்கிலும் சீட்டுக்கு அடியிலும் என்னென்ன ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு நாள் எல்லாவற்றையும் இறக்கி எடை போட்டுப் பாருங்கள். போன மாதம் வந்த ஒரு வண்டியில் பழைய சங்கிலி, இரண்டு ஜாக்கி, நனைந்த தார்ப்பாய் என்று எண்பது கிலோ இறங்கியது.